பொட்டு வைத்த இறக்கை

போன வாரம் என் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு இளம் இன்ஜினியர்கள் பெருமாள்புரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நாங்குநேரிக்குத் தெற்கே நாங்கள் அந்தக் காலத்தில் நிறுத்திய மின்சாரக் காற்றாடிகளைக் கழற்றி எடுக்கப் போகிறார்களாம். ஃபைபர் இறக்கையில் போல்ட் போட்டுப் பழகியவர்களின் அனுபவத்தை எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். சரி, நல்ல காரியம் என்று காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். காப்பியை ஆற்றிக்கொண்டே ஒருவர் சொல்கிறார்: "இப்ப கயத்தாறு பக்கம் நிறுத்துன மிஷின்ல எல்லா போல்ட்டையும் சொன்ன அளவுக்கு மேலயே ஒரு இழு சேத்து வெச்சிருக்கோம் சார். ஒரு சேஃப்டிக்கு."

அந்த டம்ளரை அப்படியே பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன். வீட்டுக்கு வந்த பிள்ளைகள் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். ஒரு இழு சேர்த்து! முப்பது வருஷமாக எந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்ததோ, அதே வார்த்தை, என் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு. ஆகையால் அவர்கள் கேட்ட கட்டுரையை எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. அந்த ஒரு இழுவைப் பற்றி மட்டும்.

நான் பாலிடெக்னிக் முடித்து ஒரு நூல் மில்லில் பராமரிப்பு வேலை பார்த்தவன். அங்கே எல்லாம் இரும்பு. இரும்பைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காற்றாடிக் கம்பெனிக்கு மாறினேன். இறக்கை செய்கிற தொழிற்சாலையில் சில வாரம் உட்கார வைத்தார்கள். கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் பசை ஊற்றி, உருளையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். பார்ப்பவனுக்கு அது ஒரே கட்டி. உள்ளே அது அடுக்குதான். அங்கே நான் படித்த பாடம் இவ்வளவுதான்: இரும்பில் ஓட்டை போட்டால் அது ஓட்டை. ஃபைபரில் ஓட்டை போட்டால் சுமை தாங்கிக்கொண்டிருந்த இழைகளை வெட்டுகிறோம். அந்த ஓட்டைக்குள் போகிற போல்ட்டைப் பூ மாதிரி கையாள வேண்டும்.

மீதியைச் சொல்லிக்கொடுத்தவர் ஞானராஜ் சார். பாளையங்கோட்டைக்காரர், எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர். மெலிந்த உடம்பு, எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை. உடைந்த பொருள் எதுவாக இருந்தாலும் முதலில் கை கழுவுவார், பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேஜையில் விரித்து, அதன்மேல் வைத்து, நின்றுகொண்டேதான் பார்ப்பார். நாமும் கை கழுவ வேண்டும். வெயிலில் கோபுரம் ஏறி இறங்கி, தொண்டை வறண்டு வந்து நிற்பவனிடம், "கை கழுவியாச்சா?" என்பார். எரிச்சலாக வரும். ஹெல்பர் முதல் டிரைவர் வரை எல்லோரும் அவருக்கு 'நீங்க'தான். அவர் வாயில் வராத ஒரே சொல் 'யார்'. யார் செய்தது, யார் விட்டது என்று நாம் ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். "எப்படின்னு மட்டும் சொல்லுங்க. ஆளைத் தேட ஆரம்பிச்சா எல்லாரும் பொய் சொல்லுவாங்க." உத்தமமான கொள்கைதான். அந்த உத்தமத்தால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் மிஷின்களில் இறக்கையின் அடிப்பகுதி ஒரு தடித்த ஃபைபர் குழாய். அது ஒரு இரும்புச் சட்டைக்குள் பொருந்தி நிற்கும். சுற்றிலும் போல்ட்டுகள் இரும்பையும் ஃபைபரையும் ஊடுருவிப் போகும். நட்டும் வாஷரும் உள்பக்கம், ஃபைபர்மேல் உட்காரும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. டார்க் ரெஞ்ச் என்ற ஸ்பேனரில் அந்த அளவை வைத்து முறுக்கினால், எட்டியதும் 'டிக்' என்று சொல்லும். சொன்னதும் கையை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதைவிடச் சுலபமான வேலையை உலகத்தில் காட்ட முடியாது. இதைத்தான் எங்கள் சைட்டில் ஒருத்தனும் செய்ய மாட்டான்.

ஃபோர்மேன் சுடலைமுத்து கட்டிடக் கம்பி வேலையிலிருந்து வந்தவர். தோள் இரண்டும் உரல் மாதிரி. ஸ்பேனர் பிடியில் ஒரு முழ இரும்புப் பைப்பைச் செருகி இழுப்பார். நட்டு கிறீச்சென்று அழும். "இப்பதான் சார் அது உக்காந்திருக்கு," என்பார் திருப்தியாக. டிக் சத்தத்தில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. "அது என்ன சார், பல்லி மாதிரி சத்தம் போட்டா விட்டுரணுமா? பல்லி சொல்லுதத கேட்டு வேல செய்ய முடியுமா?"

இந்தக் கூட்டத்தில் டிக் கேட்டதும் கையை எடுக்கிற ஒரே ஆள் மைதீன். மேலப்பாளையம். வாப்பா இல்லை, உம்மா பீடி சுற்றி வளர்த்த பிள்ளை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தான். அதிகம் பேசமாட்டான். சீசனுக்கு முந்தின சர்வீஸில் மூன்று இறக்கையையும் அவன்தான் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குவான். வியர்வையே வராமல் இறங்கி வருவான். சுடலைமுத்துவுக்கு அதுதான் பொறுக்காது. "கை நோவாம முறுக்குதான் பாரு. கலெக்டர் கையெழுத்துப் போடுத மாதிரில்லா இருக்கு இவன் வேல!"

இப்போது அந்தப் பொட்டு விஷயம். நாங்குநேரி சைட்டில் ஒரு மிஷினுக்கு முதல் ஆயுத பூஜை. காற்று அடங்கியிருந்த நாள். எல்லோரும் மேலே ஏறினார்கள். இறக்கைகள் சுற்றாமல் ரோட்டரைப் பூட்டினால் ஒரு இறக்கை நேர் கீழே பார்த்து நிற்கும். அதன் அடியில் சந்தனம் தடவி, பெரிய குங்குமப் பொட்டு ஒன்று வைத்தார்கள். மிஷின் ஓனரின் மைத்துனர் ஒருவர், சின்ன முதலாளி என்று கூப்பிடுவோம், அன்றைக்கு வந்திருந்தார். அவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, அந்த இறக்கையின் நட்டில் மங்களகரமாக ஒரு இழு இழுக்கச் சொன்னார்கள். அதோடு நின்றிருந்தால் சரி. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யார் மேலே போனாலும் பொட்டு வைத்த இறக்கை கீழே வருகிற மாதிரிதான் பூட்டுவார்கள், ராசியாம். மூன்று இறக்கையும் சேர்கிற ஹப்புக்குள் தலையை விட்டுக் கை நீட்டினால் எட்டுவது அதன் நட்டுகள் மட்டும்தான். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு இழு. பெயிண்ட் அடிக்க வந்தவன் ஒரு இழு. வயரிங் பார்க்க வந்தவன் ஒரு இழு. எனக்கு இந்த வழக்கம் இருப்பதே அப்போது தெரியாது. என் முன்னால் செய்தால் நான் கத்துவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

சித்திரை சர்வீஸ் முடித்து இறங்கிய மைதீன் சுடலைமுத்துவிடம், "அண்ணாச்சி, ஒரு இறக்கையில மட்டும் நட்டெல்லாம் தளந்து கெடக்கு, என்னன்னு பாக்கணும்," என்று சொல்லியிருக்கிறான். "நீ முறுக்குனா தளராம என்னலே செய்யும்?" என்று எல்லோருமாகச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். அது என் காதுக்கு வரவே இல்லை.

ஆனி பிறந்து காற்று எடுத்தது. ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி சைட் வாசலில் வந்து நின்று, "ஐயா, ஒங்க காத்தாடிக்கு விக்கல் எடுக்கு, வந்து பாருங்க," என்றாள். வாட்ச்மேன் சிரித்தாராம். நான் போய்க் கேட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டொக்'. இறக்கை ஒன்று கீழே வரும்போதெல்லாம் 'டொக்'. உடனே நிறுத்தினோம். மேலே போய்ப் பார்த்தால் பொட்டு வைத்த இறக்கை தன் சட்டைக்குள் ஆடுகிறது. நட்டுகள் கையாலேயே சுற்றுகின்றன.

சுடலைமுத்து ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "கடைசியா முறுக்குனது மைதீன்தான் சார். நான் அப்பவே சொன்னேன்லா?"

மறுநாளே சின்ன முதலாளி கார் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஆனிக் காற்று வீணாகப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு. "எனக்கு ஒரு பேரு வேணும். மைதீன் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துருங்க. அவன வெளிய அனுப்பிட்டோம்னா இன்சூரன்ஸ்காரன் மேக்கொண்டு கேக்கமாட்டான்," என்றார். இதை மைதீனை வைத்துக்கொண்டே சொன்னார்.

மைதீனின் நிலைமை எனக்குத் தெரியும். அவன் மச்சான் துபாயில் ஒரு பராமரிப்பு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். விசா வருகிற நேரம். அனுபவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. கவனக்குறைவு என்று எழுதி வெளியே அனுப்பினால் சான்றிதழும் இல்லை, துபாயும் இல்லை, இங்கே வேலையும் இல்லை. அன்று சாயங்காலம் அவன் என்னிடம் வந்து, "சார், நான் அளவாத்தான் முறுக்கினேன்," என்று மட்டும் சொன்னான்.

சுடலைமுத்து இதற்கிடையில் வைத்தியமும் கண்டுபிடித்துவிட்டார். "அந்த ஓட்டைக்குப் பக்கத்துலயே, ஓரமா, இன்னொரு ஓட்டை போட்டு ரெண்டு போல்ட் சேத்து மாட்டிருவோம் சார். மத்தியானத்துக்குள்ள ஓட்டிரலாம்." டிரில் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார். நான் போட்ட சத்தத்தில் ஆடு மேய்த்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "வே, ஒமக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? ஓரத்துல ஓட்டை போட்டா விக்கல் எடுக்காதுவே, ஒரேயடியாப் பிய்ச்சிக்கிட்டுப் போயிரும்!" என் பேச்சுத் தமிழும் அப்போது அவர் தமிழாகிவிட்டது.

ஞானராஜ் சார் வந்தார். வந்ததும் சொன்னது: "மூணு இறக்கையையும் இறக்கணும்." சின்ன முதலாளி குதித்தார். கெட்டது ஒன்று, எதற்கு மூன்று? கிரேன் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டும், காற்று போகிறது. சார் அசையவில்லை. "கெட்டது எப்படிக் கெட்டுதுன்னு நல்லதைப் பாத்தாத்தான் தெரியும்." கிரேன் வந்தது. இறக்கைகள் இறங்கின. கை கழுவினோம். கைக்குட்டை விரிந்தது.

மற்ற இரண்டு இறக்கைகளின் வாஷர்கள் தட்டையாக, புதுசு மாதிரி இருந்தன. ஓட்டைகள் வட்டம். பொட்டு வைத்த இறக்கையின் வாஷர்கள் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தன. அவை உட்கார்ந்திருந்த இடத்தில் ஃபைபர் பொடிந்து வெள்ளை வளையம் வளையமாகத் தெரிந்தது. ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தன.

சார் அந்த வெள்ளை வளையத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு பாத்திருக்கீங்கள்ல? நூலை லேசாக் கட்டினா உள்ள ஆடி உடையும். இறுக்கிக் கட்டினா ஓரம் நொறுங்கும். நொறுங்கினதும் கட்டு தளந்துரும். தளந்திருக்கேன்னு இன்னும் இறுக்குவோம். இன்னும் நொறுங்கும். இங்க நடந்தது அதான். பிடி போனதும் போல்ட்டு ஓட்டையில இடிச்சிருக்கு, இடிச்சு இடிச்சு ஓட்டை நீண்டிருக்கு." பிறகு ஓட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே கையை வைத்துக் காட்டினார். "டிசைன் பண்ணவன் இங்க தாராளமா இடம் விட்டிருக்கான். அதனால பிய்க்காம நீண்டிருக்கு. அந்தச் சத்தம் நமக்குக் குடுத்த எச்சரிக்கை."

அவர் சொல்லி முடித்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மூன்றையும் முறுக்கியது மைதீன். அவன் முறுக்கியபடியே இருந்த இரண்டும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதில் வேறு கை பட்டிருக்கிறது. அப்போதுதான் டிரைவரை ஓரமாகக் கூப்பிட்டு மிரட்டி, அந்த ஒரு இழு வழக்கத்தை முழுசாகக் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

சாரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் அமைதியாக, "சரி. அளவுக்கு மேல் முறுக்கியதால் ஃபைபர் நசுங்கியது. அப்படியே எழுதிருங்க," என்றார்.

"யாருன்னு எழுதணும் சார்."

"அது வேண்டாமே."

எனக்கு வந்த ஆத்திரம்! "சார், பேரு போடலைன்னா பழி இருக்குற இடத்துலயே இருக்கும். கடைசியா முறுக்கினது மைதீன்னு அவங்க சொல்லிட்டாங்க. அளவுக்கு மேல முறுக்கினதும் அவன்தான்னு ஆயிரும். உங்க கொள்கைக்கு அந்தப் பையன் சோறு போகணுமா?" என்று கேட்டுவிட்டேன். மேலதிகாரியிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் கைக்குட்டையை மடித்தார். மறுபடி பிரித்தார். பிறகு வெளியே நடந்தார்.

எல்லோரையும் ஷெட் முன்னால் கூப்பிடச் சொன்னார். சுடலைமுத்து, பெயிண்டர், வயர்மேன்கள், ஹெல்பர்கள், டிரைவர், வாட்ச்மேன், சின்ன முதலாளி எல்லோரும் வந்தார்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. மைதீன் கடைசியில் தலையைக் குனிந்து நின்றான்.

சார் வழக்கமான மெல்லிய குரலில் கேட்டார்: "பொட்டு வெச்ச இறக்கைக்கு நல்லது நினைச்சு, தன் பங்குக்கு ஒரு இழு இழுத்தவங்க யார் யாரு? கொஞ்சம் கையத் தூக்குங்க."

அவர் வாயிலிருந்து 'யார்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

முதல் கை சுடலைமுத்துவுடையது. "நான் போகும்போதெல்லாம் இழுத்திருக்கேன் சார்!" நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பெயிண்டர் கை தூக்கினார். வயர்மேன்கள் தூக்கினார்கள். டிரைவர் என்னைப் பார்க்காமல் தூக்கினார். வாட்ச்மேனுக்கு மூட்டுவலி, கோபுரம் ஏறியதே கிடையாது. அவரும் தூக்கினார். "என்னால ஏற முடியாதுல்லா? எம் பேருக்கும் ஒண்ணு இழுங்கன்னு சொல்லிவிட்டேன். சுடலை ரெண்டா இழுத்தாவ." அர்ச்சனைக்குப் பெயர் கொடுத்து விட்டிருக்கிறார்! "மொத இழுவே நம்ம கையால்தான்," என்று சின்ன முதலாளியும் சிரித்துக்கொண்டே மோதிரக் கையைத் தூக்கினார்.

"தேர் வடத்துக்கு ஆள் சேரச் சேர நல்லதுதான சார்?" என்றார் சுடலைமுத்து. நெல்லையப்பர் தேர் ஓடும் மாதம் அது.

தூக்காத கை ஒன்றுதான். எல்லோரும் மைதீனைத் திரும்பிப் பார்த்தார்கள். "பாத்தீயளா, இவன் மட்டும் இழுக்கல," என்று ஒருத்தன் சொல்லவும் செய்தான்.

அப்போதுதான் சார் குழிந்த வாஷரையும் தட்டை வாஷரையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். எது யார் முறுக்கியது, எது எல்லோரும் இழுத்தது என்று சொன்னார். அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சின்ன முதலாளி மோதிரக் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். "சரி, பேரெல்லாம் வேண்டாம் சார்," என்றார். சுடலைமுத்து வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் நல்லதுக்குத்தான சார் செஞ்சேன்," என்றார் கடைசியில். அதைக் கேட்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை.

புது இறக்கை வந்தது. மூன்றையும் மைதீன்தான் முறுக்கினான். அவன் முடிக்கும்வரை வேறு யாரும் மேலே போகக் கூடாது என்று சார் ஏணி அடியில் நாற்காலி போட்டு, காற்றில் சட்டை படபடக்க உட்கார்ந்திருந்தார். மைதீனுக்கு அனுபவச் சான்றிதழும் கிடைத்தது.

அவன் கிளம்புகிற அன்று நானும் சுடலைமுத்துவும் ஜீப்பில் மேலப்பாளையம் போனோம். சுடலைமுத்து தானாகத்தான் வருகிறேன் என்றார். வீடு நிறைய ஆட்கள். அவன் உம்மா ஒரு அட்டைப்பெட்டியில் மகனுக்கு வேண்டியதையெல்லாம் அடைத்து வைத்திருந்தார். கயிறு கட்ட வேண்டும். வேலை என்று கண்டால் சுடலைமுத்துவுக்குக் கை சும்மா இருக்குமா? பெட்டிமேல் முழங்காலை ஊன்றிக் கயிற்றைப் போட்டு இழுத்தார். பெட்டி இடுப்பு ஒடுங்கியது. முடிச்சுப் போடப் போனவர் நிறுத்தினார். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தார். எனக்குத் தெரியும், அதுதான் அந்த ஒரு இழு. நான் வாயைத் திறப்பதற்குள் மைதீன் குனிந்து அவர் தோளில் கை வைத்தான்.

"போதும் அண்ணாச்சி. உள்ள உம்மா வெச்ச அப்பளக் கட்டு இருக்கு."

சுடலைமுத்து அவனை அண்ணாந்து பார்த்தார். அந்த வீட்டில் அத்தனை பேச்சுச் சத்தத்துக்கு நடுவே, கையிலிருந்த சுற்றைப் பைய அவிழ்த்தார். "சரிலே. நீ சொன்னாச் சரி," என்றார். முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் என் பிராணனை வாங்கிவிட்டார். "சார், வழியில அவுந்துராதே?" நாங்குநேரி தாண்டியதும் மறுபடி, "சார், ஒரே ஒரு இழு சேத்திருக்கலாமோ?" வாயை மூடும்வே என்று சத்தம் போட்டேன்.

சில வாரம் கழித்து, சைட்டில் நான் வேறு ஏதோ எரிச்சலில் இருக்கும்போது வந்து நின்றார். லீவு நாளில் மேலப்பாளையம் போய் மைதீனின் உம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன்.

"கடுதாசி வந்திருக்கு சார். அப்பளம் ஒண்ணு கூட உடையலையாம்."